பழைய கொரொல்லாவுக்கு சிந்தெடிக் ஒயில் தேவையா?

1998 கொரொல்லா, இரண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது, எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவரில் லேசான கசிவு, சிந்தெடிக் ஊற்றினால் எஞ்சின் ஒழுகும் என்று கராஜ் பாஸ் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. சிந்தெடிக் ஒயில், எஞ்சினில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களைக் கெடுக்காது. ஆனால் தேய்ந்த சீல்களை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய கசடைக் கரைத்துவிடலாம், அப்போது மறைந்திருந்த கசிவு வெளியே தெரியும்.

கொழும்பில் குளிர்காலமே இல்லை. அதனால் உறைகுளிரில் ஸ்டார்ட் செய்யும்போது சிந்தெடிக் தரும் பெரிய நன்மை இங்கே வீண்தான். வெயிலிலும் காலி வீதி நெரிசலிலும் அது சாதாரண மினரல் ஒயிலைவிட நீண்ட நாள் தாங்கும் என்பது மெய். ஆனாலும் ஒழுகும் எஞ்சினில் விலைகூடிய ஒயில் எதற்கு?

முதலில் வால்வ் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கஸ்கட்டை மாற்றுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். அப்புறம் கையேட்டில் உள்ள தடிப்பிலேயே நல்ல மினரல் ஊற்றி, 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டரோடு மாற்றினால் போதும். ஒயில் குறைகிறதென்றால் மட்டும் சற்றுத் தடித்த 10டபிள்யூ-40 ஒயிலைப் பாருங்கள். கசிவு நின்றபிறகு ஆசையென்றால் செமி சிந்தெடிக்குக்குப் போகலாம், மினரலும் சிந்தெடிக்கும் கலந்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள்.