பத்து போய் பதினொன்று வந்தது, டும் டும் டும்!

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாதி ஒரே புலம்பல்: விண்டோஸ் மாற்றம். குரங்குக் கதையில் வால் போய்க் கத்தி வந்ததுபோல, பத்தைக் கொடுத்துப் பதினொன்றை வாங்கியவர்கள் இப்போது எது போனது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பொறியாளர் அல்லள். மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 1999 முதல் டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடை நடத்துகிறேன். முகூர்த்த நாள் நெருங்க நெருங்கப் பத்திரிகை வேலை முடியாமல் கணினியோடு மல்லுக்கட்டிக் கற்றதுதான் என் படிப்பு.

கேள்வி: 2016-இல் வாங்கிய மேசைக் கணினி இன்றும் குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்று திரையில் அறிவிப்பு வருகிறது. "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் அப்பா" என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். ஓய்வூதியக் கணக்குப் பார்க்கவும் மின்கட்டணம் கட்டவும் புதுக் கணினியா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: ஐயா, வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவர் நீங்கள். இப்போது உங்கள் கணினியை யாரோ தோல்வி என்று சொல்லியிருக்கிறார்கள். விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிடுவோம்.

விண்டோஸ் 11 கேட்பது நினைவகம் 4 ஜிபி, வட்டில் 64 ஜிபி இடம். இந்த இரண்டிலும் உங்கள் கணினி எளிதில் தேறிவிடும். மூன்றாவது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இது பல கணினிகளில் உள்ளேயே இருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இன்டெல் பலகையில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. பலகையில் எஃப்.டி.பி.எம். என்றும் பெயர் இருக்கும். இதை இயக்கியதுமே "தகுதி உண்டு" என்று வாய் மாறிய கணினிகள் என் கடைக்கே நான்கைந்து வந்திருக்கின்றன.

உங்கள் சிக்கல் நான்காவது வினாவில். செயலியின் (பிராசஸர்) பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2016 என்பதால் ஐ5-6400 போல ஏதாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். கோட்டுக்குப் பிறகு வரும் 6 என்பதுதான் தலைமுறை. 8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10100 போல ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்துப் பத்து என்று படிக்க வேண்டும். இன்டெலில் ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இடம். அந்தத் தலைமுறையே 2017-இல்தான் சந்தைக்கு வந்தது. எனவே உங்கள் கணினி பரீட்சையில் தவறவில்லை. வயது வரம்பில் தவறியிருக்கிறது. இந்தத் தடையைத் தாண்டக் குறுக்குவழிகள் உண்டு. என் கடைக் கணினி ஒன்றில் செய்தும் பார்த்தேன், ஓடுகிறது. அடுத்த புதுப்பிப்பு வரும்போது என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதால் பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சரி, விண்டோஸ் 10 என்ன ஆயிற்று? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. கணினி நின்றுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது, அதுதான் பொருள். ஆனால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டு தருவதாக ஒரு நீட்டிப்புத் திட்டம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பதிப்பு 22எச்2 ஆக இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கேட்க மாட்டார்கள். கணக்கு வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அப்பால் போய்ப் பணம் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். 30 டாலர் கட்டுவதற்கும் அந்தக் கணக்குதான் வேண்டும்.

இன்றே அதில் சேர்ந்துவிடுங்கள். கெடு முடிந்த பிறகு அந்தக் கணினியில் வங்கிக் கணக்கை மட்டும் திறக்காதீர்கள். கடிதம் அடிக்க, பழைய படங்கள் பார்க்க அது இன்னும் பல நாள் உழைக்கும். மகனிடம் இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு என்ன தருகிறார் என்று விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

கேள்வி: 2008-இல் வாங்கிய லேசர் பிரிண்டர். புது விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏன்?
(மளிகைக் கடை உரிமையாளர், தேனி)

பதில்: பழைய விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்திருக்கும், அதற்கு எழுதிய டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் நிரல், புதிய 64 பிட் வகையில் ஏறாது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருந்தால் பிரிண்டர் பிழைத்தது. இல்லையென்றால் பழைய கணினியையும் பிரிண்டரையும் பிரிக்காதீர்கள், அவை ஒன்றாகவே மூப்படையட்டும்.

கேள்வி: புதுக்கோட்டை வட்டாரக் கோயில்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தது 400 பக்கம். கடைக்காரத் தம்பி விண்டோஸ் 11 போட்டுத் தந்த பிறகு திறந்தால், முன்பாதி முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பின்பாதி தமிழாகத்தான் தெரிகிறது. ஆனால் எழுத்து வேறு மாதிரி, பக்கங்கள் 430 ஆகிவிட்டன, பொருளடக்கத்தில் போட்ட பக்க எண் எதுவும் பொருந்தவில்லை. உழைப்பு போயிற்றா?
(வாசகர், திருமயம்)

பதில்: போகவில்லை ஐயா. மூச்சு விடுங்கள். இது என் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் புத்தகத்துக்கு ஒரு நோய் அல்ல, இரண்டு. முன்பாதியை நீங்கள் பாமினியில் அடித்திருக்கிறீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஒரு வேடம் போட்டவை. கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தார்கள். நீங்கள் "அம்மா" என்று அடித்தபோது கணினி எழுதிக்கொண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி என்ற முகமூடி இருக்கும்வரை அது அம்மா. கடைக்காரத் தம்பி வட்டைத் துடைத்து விண்டோஸை மறுபடி நிறுவியதில் முகமூடி போய்விட்டது. தேர்ந்தெடுக்கும் முறையில் அவர் "மேம்படுத்து" என்று போயிருந்தால் எழுத்துரு தங்கியிருக்கும். கேட்டால் "சுத்தமாகப் போட்டேன் அக்கா" என்பார்கள். சுத்தம்தான்.

மருந்து: அதே பாமினி எழுத்துருக் கோப்பை யாரிடமாவது வாங்கி நிறுவுங்கள். பழைய டி.டி.பி. கடை எதிலும் இருக்கும். நிறுவியவுடன் 'அம்மா' எழுந்து உட்காருவாள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். இதே கூத்து அடுத்த கணினியிலும் நடக்கும். ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் முன்பாதி முழுவதையும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம் மட்டும் ஏன் முகமூடியோடு அலைய வேண்டும்?

ஓர் எச்சரிக்கை. மாற்றிக்கு ஆங்கிலச் சொல் எது, பாமினி எது என்று தெரியாது. இடையில் ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் தமிழென்று நினைத்து உருமாற்றிவிடும். நான் அப்படித்தான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பொறியியல் பட்டத்தை வாயில் நுழையாத ஒன்றாக மாற்றி, 300 படிகள் அடித்தும் கொடுத்துவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. எனவே ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களை முதலில் சிவப்பு வண்ணத்தில் குறித்துக்கொண்டு, மாற்றிய பின் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கல்வெட்டு எண்களுக்கு ஆபத்தில்லை, எண்கள் அப்படியே நிற்கும்.

பின்பாதிக்கு வந்தது சின்ன நோய். அது ஒருங்குறியில், லதா எழுத்துருவில் அடித்தது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்துகொண்டிருந்த லதா, விண்டோஸ் 10 முதல் கேட்டால் மட்டும் கிடைக்கிற பண்டமாகிவிட்டது. இல்லாத இடத்தில் நிர்மலா போன்ற வேறு எழுத்துரு வந்து உட்காரும். அகலமும் வரி இடைவெளியும் வேறு, அதனால் பக்கம் நகர்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற பகுதிக்குப் போய், தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் என்பதைச் சேருங்கள். லதாவும் விஜயாவும் வந்துவிடுவார்கள், 430 மறுபடி 400-க்குத் திரும்பும். அச்சுக்குக் கொடுக்கும் படியை பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். புத்தகம் வந்ததும் எனக்கு ஒன்று. இலவசம் வேண்டாம், விலைக்கே.

கேள்வி: "கணினியை அணைக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு சதவீதம் ஓடும்போது மின்சாரம் போனால்?
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: எனக்குப் போயிருக்கிறது. 2015-இல் விண்டோஸ் 10 இலவசம் என்றார்கள். கடையில் இருந்த விண்டோஸ் 7 கணினியில், மறுநாள் கொடுக்க வேண்டிய இரண்டு பத்திரிகை வேலைகளை வைத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு அதைத் தொடங்கினேன். அந்த வேளையைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி வேறு யாருமில்லை. பாதி தாண்டியபோது மின்சாரம் போனது. யு.பி.எஸ். கீச்சென்று ஒரு முறை கத்திவிட்டு அடங்கியது. அதன் பேட்டரியை மாற்றச் சொல்லி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என் கணவர். மின்சாரம் வந்தபின் "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று திரையில் எழுதிக்கொண்டு கணினி ஒன்றரை மணி நேரம் யோசித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீனாட்சியை வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் விண்டோஸ் 7 அப்படியே திரும்பி வந்தது.

பெரும்பாலும் அப்படித் திரும்பிவிடும். எல்லா முறையும் என்று சொல்ல மாட்டேன். கோப்புகளை வெளி வட்டில் படி எடுத்துவிட்டு, மடிக்கணினியானால் மின்னேற்றியைச் செருகிவிட்டு, அவசர வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குங்கள். மாற்றிய பிறகு பிடிக்கவில்லையென்றால் பழையதற்குத் திரும்பப் பத்து நாள்தான் தவணை. அதற்குப் பின் விண்டோஸ்.ஓல்டு என்ற பழைய அடைவு அழிந்துவிடும்.

கேள்வி: என் கணவர் 1996-இல் வாங்கிய ஜாதகம் கணிக்கும் டாஸ் மென்பொருள், சென்ற மாதம் வரை எக்ஸ்பி கணினியில் ஓடியது. தெருவில் பாதிப் பேரின் ஜாதகம் அதில் இருக்கிறது. அந்த அடைவைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். புதுக் கணினியில் இது ஓடாது என்கிறது. அவர் இப்போது இல்லை; இதை விட மனமில்லை.
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: விட வேண்டாம் அம்மா. அது 16 பிட் காலத்து மென்பொருள். எக்ஸ்பி போன்ற 32 பிட் விண்டோஸ்களில் அதற்கென்று ஒரு திண்ணை இருந்தது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும். அதில் அந்தத் திண்ணையை இடித்துவிட்டார்கள். டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், அதற்குள்ளே ஒரு பழைய டாஸ் கணினி பாவனையாக எழும். பென் டிரைவில் உள்ள அடைவை அப்படியே வட்டில் போட்டு, டாஸ்பாக்ஸுக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டால் போதும். பக்கத்து வீட்டில் கணினி விளையாட்டுப் பித்துப் பிடித்த பையன் யாராவது இருந்தால் அழையுங்கள்; பழைய விளையாட்டுகளுக்காக அவனுக்கு டாஸ்பாக்ஸ் மனப்பாடமாக இருக்கும். அச்செடுப்பதுதான் தகராறு செய்யும். ஜாதகக் கட்டத்தைத் திரையில் வரவழைத்துப் படம் பிடித்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பென் டிரைவுக்கு இன்னொரு படி எடுங்கள். இன்றைக்கே.

கேள்வி: அப்பாவின் மடிக்கணினியில் பயாஸைப் புதுப்பித்தார்கள். அதன் பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. வைரஸா?
(மாணவி, கோவை)

பதில்: வைரஸ் இல்லை. வட்டு பூட்டியிருக்கிறது, பயாஸ் மாறியதும் வீட்டுக்காரர் மாறிவிட்டாரோ என்று கணினி சந்தேகப்படுகிறது. கணினியை முதன்முதலில் அமைத்தபோது எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்களோ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் வேறு கருவியிலிருந்து நுழைந்தால் அந்த 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும். பல வீடுகளில் அது அப்பாவின் மின்னஞ்சலாக இருக்காது, அமைத்துக் கொடுத்த மருமகனுடையதாக இருக்கும். எங்கும் கிடைக்கவில்லையென்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். "நான் திறந்து தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் பழைய கணினி பறக்கும் என்கிறான் பேரன். டேலி ஓடுமா?
(ஜவுளி வணிகர், காரைக்குடி)

பதில்: பறக்கும். டேலி அதில் நேராக ஓடாது. கடைக் கணக்கு அந்தக் கணினியில்தான் என்றால் பேரனின் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டில் படம் பார்க்க, பத்திரிகை படிக்க என்றால் கேளுங்கள். தமிழ் 99 விசைப்பலகைகூட அதில் உண்டு. நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருப்பது எதுவும் கலையாது.

கேள்வி: ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் நீங்கள் எந்தக் கணினி வைத்திருக்கிறீர்கள்?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: இரண்டு. ஒன்றில் விண்டோஸ் 11. மற்றொன்றில் 2014-இலேயே ஆதரவு முடிந்த எக்ஸ்பியும், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும். அதில் இணையக் கம்பியைப் பிடுங்கிப் பல வருடமாகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்கள் இப்போது பிள்ளையின் காதுகுத்துக்கு வந்து, "அதே டிசைன்" என்று கேட்கிறார்கள். அப்போது மேலே போர்த்திய ஈரிழைத் துண்டை எடுத்துத் தட்டிவிட்டு அதைத் திறக்கிறேன்.