சம்பந்தி வீட்டுக் கிறிஸ்மஸும் சானா அறையும்

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் வேலைக்குப் போனவள், அங்குள்ள பையனையே கட்டிக்கொண்டாள். இந்த டிசம்பரில் என்னையும் என் வீட்டுக்காரரையும் ஹம்பர்க் பக்கம் வரச் சொல்கிறார்கள். சம்பந்தி வீட்டார் உடையில்லாமல் கூடும் சங்கத்தில் பல வருட உறுப்பினர்களாம். 24ஆம் தேதி வீட்டிலேயே சானா (சூடேற்றிய மர அறையில் வியர்க்க உட்காருவது), லீவுக்குள் ஒரு நாள் சங்கத்தாரோடு நீச்சல்குளம் என்கிறாள் மகள். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், வயது 58. இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அந்தக் குளிரில் எப்படி அப்படி இருக்கிறார்கள்? நானும் இருந்தாக வேண்டுமா? மறுத்தால் சம்பந்தி மனம் கோணாதா? ஊரில் தெரிந்தால் என்ன சொல்வது? (பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் அம்மா. உடையைக் களைய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எங்கேயும் இல்லை. உடையோடு நுழையக்கூடாத இடம் எது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி ஏதோ புதுப் பைத்தியத்தில் மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இந்த வகையில் ஜெர்மனியின் முதல் சங்கம் 1898இல் எஸ்ஸன் நகரில் உருவானது. பிரான்சின் மோன்டாலிவேயில் 1953இல் உலகக் கூட்டமைப்பே அமைத்துவிட்டார்கள். அவர்கள் பழக்கம் அது. நம் பழக்கம் வேறு. இரண்டும் ஒரு வீட்டுக்குள் இருக்கலாம்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். டிசம்பரில் அந்தப் பக்கம் பூஜ்யத்துக்கும் ஐந்து டிகிரிக்கும் இடையில்தான் இருக்கும். வெளியே எல்லோரும் கோட்டு, காலுறையோடுதான் நடமாடுவார்கள். குழாய்நீர் உறையும் என்பதால் பல சங்கங்கள் கோடைக்கால முகாமை மூடிவிட்டு, சூடேற்றிய நீச்சல்குளத்தையும் சானாவையும் ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கு எடுத்துக் கூடுகின்றன. மரம், மெழுகுவத்தி, பரிசு, மசாலா போட்டுச் சூடாக்கிய வைன் எல்லாம் மற்றவர் வீட்டில் இருப்பதுதான். 24ஆம் தேதி இரவு பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும். நம் வீட்டு விருந்தை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். சாப்பாட்டு மேசையில் பெரும்பாலும் உடையோ குளியல் அங்கியோ இருக்கும். உடையில்லாமல் உட்காருபவர் நாற்காலியில் துண்டு விரித்துத்தான் உட்கார வேண்டும், அது மாறாத விதி. அடுப்படிக்குப் போகிறவர் ஏப்ரன் கட்டிக்கொள்வார். எண்ணெய் தெறித்தால் யாருக்கும் சுடும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது சானாவைப் பற்றித்தான். அறையின் மேல்தட்டுப் பலகையில் 80, 90 டிகிரி சூடு. நீச்சலுடையை அங்கே அனுமதிப்பதில்லை. ஆனால் பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்காருவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அக்குளிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் பெரிய துண்டு ஒன்று, அடியில் விரிக்க இன்னொன்று. பாதமும் துண்டின் மேல்தான் இருக்க வேண்டும், வியர்வை மரத்தில் படக்கூடாது.

முதல் நாள் இரவே தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் பட்டால் பலகை வழுக்கும், கறையும் போகாது. குளித்து, நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போங்கள். ஈர உடம்பு சீக்கிரம் வியர்க்காது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். உட்கார வேண்டியது கீழ்த்தட்டில், புதியவருக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். கல்லில் தண்ணீர் ஊற்றித் துண்டால் விசிறுவார்கள், அனல் சட்டென்று முகத்தில் அடிக்கும். அதற்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள். நடுவில் கதவைத் திறந்தால்தான் முணுமுணுப்பார்கள். கிளம்புமுன் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு மெதுவாக எழுங்கள். கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று எழுந்தால் தலைசுற்றி விழுவது உண்டு.

தாலிக்கொடியோடு போனால் நிச்சயம் சுடும். தங்கம் சூட்டைச் சட்டென்று இழுத்துக் கழுத்துத் தோலில் கொடுத்துவிடும், வளையலும் மெட்டியும் அப்படியே. கழற்ற மனம் வராவிட்டால் மஞ்சள் கொம்பு கட்டிய மஞ்சள் கயிற்றை அன்றைக்குப் போட்டுக்கொண்டு, கொடியை அறையில் பூட்டி வையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது செய்வதுதானே. குங்குமம் வியர்வையில் வழிந்து அவர்கள் வெள்ளைத் துண்டைச் சிவப்பாக்கும், அதுவும் வேண்டாம்.

இனிப்புநீர் விஷயம் அலட்சியமானதல்ல. இன்சுலின் போடுகிறவரானால் சூட்டில் அது வேகமாக உறிஞ்சப்பட்டு சர்க்கரை திடீரென்று இறங்கலாம். உள்ளே போகுமுன் அளந்து பாருங்கள், வெளியே மிட்டாயோ பழச்சாறோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாதத்தில் மரப்பு இருந்தால், சானா முடிந்து பனியில் வெறுங்காலோடு ஓடும் அவர்கள் கூத்தில் சேராதீர்கள். காயம் பட்டாலும் தெரியாது. கிளம்புமுன் கிளினிக் டாக்டரிடம் “சானாவுக்குப் போகலாமா” என்று நேராகவே கேளுங்கள். வேண்டாமென்றால், மறுக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

நீச்சல்குளத்துக்கு என் பதில் வேறு. அந்த நேரத்தில் குளத்தங்கரையில் எல்லோரும் உடையில்லாமல் இருப்பார்கள், நீச்சலுடைக்கும் இடமில்லை. ஒருவர் மட்டும் முழு உடையோடு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்குக் கூச்சம், உங்களுக்கும் வேதனை. அன்று வீட்டிலேயே இருந்து கோழிப்பிரட்டல் சமைத்து வையுங்கள். சம்பந்தி முகம் கோணாமலிருக்க, கிளம்பிய பிறகு சொல்லாமல் மகள் மூலம் இப்போதே சொல்லிவிடுங்கள்: “சானாவுக்குத் துண்டோடு வருகிறேன், குளம் எனக்குத் தோதுப்படாது.” முன்கூட்டிச் சொன்ன மறுப்பை அவர்கள் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். கடைசி நிமிடத்தில் தலைவலி என்று படுத்தால்தான் சந்தேகம் வரும். பரிசுக்கு இரண்டு மீட்டர் பருத்தி பத்தேக் சாரோங் நாலைந்து வாங்கிப் போங்கள். இந்தக் கூட்டத்தாருக்கு இடுப்பில் சுற்றவும் நாற்காலியில் விரிக்கவும் அதுதான் வருடம் முழுக்கப் பயன்படும்.

கைப்பேசியைத் துணிப்பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். படமெடுப்பது அங்கே பெரிய குற்றம், வெளியேற்றிவிடுவார்கள். தவறி ஒரு படம் குடும்ப வாட்ஸ்அப்பில் விழுந்தால் இங்கே மலேசியாவில் சட்டமும் பாயும். 2015இல் கினாபாலு மலையில் உடை களைந்து படமெடுத்த வெளிநாட்டவர் நால்வர் சிறைக்குப் போய், தலா 5,000 ரிங்கிட் அபராதமும் கட்டினார்கள் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லி வையுங்கள்.

ஊருக்கு என்ன சொல்வது? “சம்பந்தி வீட்டில் கிறிஸ்மஸ், மரம் வைத்திருந்தார்கள், குளிர் தாங்கவில்லை.” இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.