கழிச்சல் நிற்கவில்லை: கோழிக்குக் கோலிஸ்டின் கொடுக்கலாமா?

கேள்வி: 200 நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக மஞ்சளும் பச்சையுமாகக் கழிகின்றன. தினமும் இரண்டு, மூன்று செத்துப்போகின்றன. என்ரோஃப்ளாக்சசின் தண்ணீரில் கலந்து கொடுத்தும் கேட்கவில்லை. கோலிஸ்டின் கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்கு, மனிதருக்கே கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்துவிட்டது.

முதலில் நோய் எதுவென்று தெரிய வேண்டும். சால்மோனெல்லா கிருமியால் வரும் கோழி டைபாய்டிலும் இப்படிக் கழியும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட்டிலும் பச்சையாகக் கழிவதுண்டு. ராணிக்கெட் வைரஸ் நோய், அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது.

செத்து அதிக நேரமாகாத கோழியைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, உங்கள் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். அறுத்துப் பார்க்கும்போது ஈரல் வீங்கி, வெண்கல நிறத்தில் மினுங்கினால் மருத்துவருக்கு டைபாய்டு சந்தேகம் வரும்.

அங்கே கிருமியை வளர்த்து ஒரு தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிந்தால் மருந்து கிருமியைத் தடுக்கிறது. வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருந்தால் அந்த மருந்தால் பயனில்லை. பெரிய வட்டம் விழுந்த மருந்துதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். மருந்துக்கு மருந்து அளவுகோல் வேறு. நியோமைசின் மாதிரி மருந்து தட்டில் நன்றாகவே கேட்கலாம். ஆனால் தண்ணீரில் கொடுத்தால் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும், ஈரலிலும் ரத்தத்திலும் இருக்கும் டைபாய்டு கிருமியை எட்டாது. மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். முடிவு வர இரண்டு, மூன்று நாளாகும். அதுவரை என்ன கொடுக்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

உங்கள் போர் தண்ணீர் உப்பா? கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் என்ரோஃப்ளாக்சசின் உடலில் சேர்வது குறையும். அதையும் சொல்லுங்கள்.

நோயுற்றவற்றைத் தனியே பிரியுங்கள். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். தண்ணீர்த் தட்டுகளைத் தினமும் கழுவுங்கள். டைபாய்டு உறுதியானால், பிழைத்த கோழிகளின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், கிருமி முட்டை வழியே குஞ்சுக்குப் போகும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதன்பின் மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் முட்டையையும் கறியையும் விற்கவோ வீட்டில் சாப்பிடவோ கூடாது.