டெஸ்ட் எடுத்தால் தெருவையே அடைத்துவிடுவார்களா?

டாக்டர் பதில்கள் - ஜூன் 10, 2020

(பதில் சொல்பவர், கடலூர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிறகு சென்னையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அரசு மருத்துவர்.)

இந்த வாரம் மூட்டு வலி, முடி கொட்டுதல் எதுவும் வரவில்லை. வந்ததெல்லாம் கொரோனா டெஸ்ட்தான். சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். டெஸ்டுக்குப் போகலாம் என்றால், "வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவான், தெருவை மறித்துத் தகரம் அடிப்பான், ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்வார்" என்கிறார். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மொட்டை மாடி ரூமில் படுத்திருக்கிறார். - பெயர் வேண்டாம், ராயபுரம்

உங்கள் கணவர் நோய்க்குப் பயப்படவில்லை, தகரத்துக்குப் பயப்படுகிறார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தகரத்தைப் பார்த்தே ஆட்கள் டெஸ்டுக்கு வராமல் மாடியில் போய்ப் படுத்துக்கொண்டால், அடித்ததால் என்ன லாபம்? அதிகாரத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அவர் தனி ரூமில் இருப்பது நல்லதுதான். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வையுங்கள். கழிப்பறை ஒன்றுதான் என்றால் வீட்டில் எல்லோரும் போய் முடித்த பிறகு அவர் போகட்டும், அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். இன்றைக்கே மாநகராட்சியின் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்து போக முடிந்தால் நல்லது, ஷேர் ஆட்டோ வேண்டாம். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுப்பார்கள், கண்ணில் தண்ணீர் வரும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

பாசிட்டிவ் வந்தால் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதில்லை. லேசான அறிகுறிதான், வீட்டில் தனி அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்றால் வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இடமில்லாதவர்களுக்கு நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற இடங்களில் படுக்கை போட்டிருக்கிறார்கள். ஹவுஸ் ஓனர் ஏதாவது சொன்னால், அவர் வீட்டுப் பெரியவருக்கும் சேர்த்துத்தான் இந்த டெஸ்ட் என்று சொல்லுங்கள். மாடிப்படிக் கைப்பிடியை அவரும்தானே தொடுகிறார்?

அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மார்ச் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. இப்போது நாங்கள் போகும் தனியார் சென்டரில் ஒவ்வொரு தடவையும் கொரோனா இல்லை என்று சர்ட்டிபிகேட் கேட்கிறார்கள். நான் ஆட்டோ ஓட்டுகிறேன், இரண்டு மாதமாக வண்டியே எடுக்கவில்லை. - வாசகர், வியாசர்பாடி

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் இந்த வாரம் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

முதலில் கணக்கு. தனியார் லேபில் டெஸ்டுக்கு 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று மார்ச்சில் ஐ.சி.எம்.ஆர். (மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) உச்சவரம்பு வைத்தது. மே கடைசியில் அதை எடுத்துவிட்டு, மாநிலங்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்றார்கள். இந்த மாதம் நம் அரசு 3,000 என்று நிர்ணயித்திருக்கிறது, வீட்டுக்கு வந்து எடுத்தால் 500 கூடுதல். மாதம் எட்டு டயாலிசிஸ் என்றால் எட்டு டெஸ்ட், 24,000 ரூபாய். ஆட்டோ ஓடினாலும் கட்ட முடியாத தொகை இது.

இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு மருத்துவ ரீதியாகப் பெரிய அர்த்தமும் கிடையாது. திங்கட்கிழமை எடுத்த ரிசல்ட் திங்கட்கிழமைக்குத்தான். பஸ் பாஸ் மாதிரி வைத்துக்கொண்டு வியாழக்கிழமையும் காட்ட முடியாது. சென்டர்காரர்களின் பயமும் எனக்குப் புரிகிறது, ஒரு நோயாளியால் தொற்று வந்தால் மொத்த யூனிட்டையும் மூட வேண்டும். அதற்கு வழி, காய்ச்சல் பார்ப்பது, முகக்கவசம் போட வைப்பது, படுக்கைகளைத் தள்ளிப் போடுவது, சந்தேகம் இருப்பவர்களைக் கடைசி ஷிப்டில் தனியாக வைப்பது. வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது வழியில்லை. மே 18 அன்று ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட பரிசோதனை வழிமுறையிலேயே இருக்கிறது: டெஸ்ட் ஆகவில்லை என்பதற்காகப் பிரசவம் உட்பட எந்த அவசர சிகிச்சையையும் தாமதிக்கக் கூடாது, தேவைப்பட்டால் சிகிச்சை நடக்கும்போதே சாம்பிள் அனுப்பிக்கொள்ளலாம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ரிசப்ஷனில் வாதாடாதீர்கள், அந்தப் பெண்ணுக்கு மேலிடத்து உத்தரவு. நெப்ராலஜி (சிறுநீரக) டாக்டரிடம் நேரே காட்டுங்கள்.

அப்படியும் கேட்கவில்லை என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல், டயாலிசிஸ் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் பழைய ரிப்போர்ட், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டோடு போய்விடுங்கள். ஸ்டான்லி உங்களுக்குப் பக்கம். கூட்டம் இருக்கும், நேரம் தள்ளிப்போகும், ஆனால் செய்துவிடுவார்கள்.

ஒரு முறை தவறியே போனால் அம்மாவுக்கு இளநீர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். வாழைப்பழமும் சாத்துக்குடி ஜூஸும் அதே கதைதான். தண்ணீரை டம்ளரில் அளந்து கொடுங்கள். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், சர்ட்டிபிகேட் பேச்சே வேண்டாம்.

சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். மே மாதம் ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தில் வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். நெகட்டிவ். அப்புறமும் வீட்டை விட்டு வராதே என்றார்கள். இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் ஏன்? - வாசகர், விருத்தாசலம் பக்கம்

உடம்புக்குள் வைரஸ் போன அன்றே குச்சியில் சிக்காது. பெருகி, மூக்கிலும் தொண்டையிலும் போதுமான அளவு சேர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஐந்து நாளை ஒட்டி அறிகுறி வருகிறது, சிலருக்கு 14 நாள் வரை ஆகிறது. தொற்று பரவியதால் மார்க்கெட்டை மே 5 அன்று மூடினார்கள். அதற்கு முந்தின நாள் உங்களுக்குத் தொற்றியிருந்து, ஊர் வந்ததும் எடுத்திருந்தால் நெகட்டிவ் வரவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் 14 நாள்.

ஊரில் உங்களைக் "கோயம்பேட்டு ஆள்" என்று கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவள். ஊரடங்கு முழுக்க அவர்கள் ரசத்தில் போட்ட தக்காளி யார் முதுகில் ஏறி லாரிக்குப் போனது என்று திருப்பிக் கேளுங்கள்.

எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடுமே? ஏப்ரலில் சீனாவிலிருந்து ரேபிட் கிட் வந்ததே, என்ன ஆயிற்று? எண்ணிக்கையை மறைக்கிறார்களா? - ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, மயிலாப்பூர்

ஐயா, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்த குச்சியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைரஸின் மரபணுவைப் பிரித்தெடுத்து, மெஷினில் வைத்துப் பெருக்கிப் பார்ப்பார்கள். மெஷின் வேலை சில மணி நேரம்தான், குழாய்கள் வரிசையில் காத்திருப்பதற்குத்தான் நாள் போகிறது. தமிழ்நாட்டில் இதை முதலில் செய்தது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். பிறகு மருத்துவக் கல்லூரிகளில் வரிசையாக லேப் திறந்தார்கள், அது பாராட்ட வேண்டிய வேலை. இருந்தாலும் ஏழு கோடி பேருக்கு ஒரே வாரத்தில் முடியாது. முடிந்தாலும் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ரேபிட் கிட் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது உருவாகவே ஒரு வாரம் போல ஆகும் என்பதால் இன்றைக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல அது உதவாது. போதாததற்கு வந்த கிட்டும் சரியில்லை. 5.4 சதவீதம்தான் துல்லியம் என்று ராஜஸ்தான் கைவிட்டது, ஏப்ரல் 27 அன்று ஐ.சி.எம்.ஆர். திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது.

மூன்றாவது கேள்வி. யாருக்கு எடுக்கிறோமோ அங்கேதான் எண்ணிக்கை தெரியும். மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் அவர்களோடு பழகியவர்களையும் மட்டுமே தேடினோம், அதனால் அவர்கள் மட்டுமே கிடைத்தார்கள். 20ஆம் தேதிக்குப் பிறகுதான் கடும் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கும் எடுக்கச் சொன்னார்கள். அந்த வரிசையில் அடங்காத காய்ச்சல்காரர் எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். தினமும் மாலையில் டி.வி.யில் சொல்லும் எண், கண்டுபிடித்தவர்களின் எண்.

மாமனாரைப் பத்து நாளில் மறு டெஸ்ட் எடுக்காமலே டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இடத்துக்காக அனுப்பிவிட்டார்களோ? - வாசகி, மதுரை

முன்பு இரண்டு டெஸ்ட் நெகட்டிவ் வந்தால்தான் அனுப்புவார்கள். மே 8 முதல் விதி மாறியது. லேசான நோய் என்றால், அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் டெஸ்ட் இல்லாமலே அனுப்பலாம். செத்த வைரஸின் துணுக்குகளை மெஷின் வாரக்கணக்கில் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கும், அதற்காக ஒருவரைப் படுக்க வைப்பதில் பயனில்லை. படுக்கை தேவைப்படுவதும் உண்மைதான், இரண்டையும் சேர்த்துத்தான் முடிவெடுத்திருப்பார்கள். வீட்டில் இன்னும் ஏழு நாள் தனியாக இருக்கட்டும். பேரக் குழந்தைகள் வாசல்படியில் நின்று பேசட்டும்.

கபசுரக் குடிநீர் குடித்தால் டெஸ்ட் தேவையா? - வாசகர், ஈரோடு

தேவை.

தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷனுக்கு முன்பே லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கிறார்கள். கேட்க ஆளே இல்லையா? - வாசகர், தாம்பரம்

ஜூன் 6 அன்று அரசு கட்டணம் அறிவித்திருக்கிறது. ஆஸ்பத்திரியின் தரத்தைப் பொறுத்துப் பொது வார்டுக்கு ஒரு நாளைக்கு 5,000 முதல் 7,500 வரை, ஐ.சி.யு.வுக்கு அதிகபட்சம் 15,000. இது தெரியும் என்று கவுண்டரில் சொல்லுங்கள், எழுத்தில் பில் கேளுங்கள், கூடுதலாக வாங்கினால் புகார் கொடுங்கள். நடைமுறையில் எவ்வளவு மதிப்பார்கள் என்று பார்க்கத்தான் போகிறோம்.

ஆக்சிஜன் பார்க்கும் கருவி மெடிக்கலில் கிடைக்கவில்லை. அப்பா சர்க்கரை நோயாளி, இரண்டு நாளாகக் காய்ச்சல். டெஸ்ட் ரிசல்ட் வருவதற்குள் மோசமாகிவிட்டால் எப்படித் தெரியும்? - வாசகர், செங்கல்பட்டு

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ரிசல்ட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், மூச்சைக் கவனியுங்கள். கருவி கிடைத்தால், ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போகும்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் செகண்டு முள் உள்ள கடிகாரம் போதும். அவர் பத்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகு, ஒரு முழு நிமிடம் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சாதாரணம். 24-ஐத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினாலும், திடீரென்று குழப்பமாகப் பேசினாலும் அப்படியே. காலை, மதியம், இரவு எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி. எண்ணுவதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சொன்னால் மூச்சை மாற்றி விட ஆரம்பித்துவிடுவார்.