தாத்தாவுக்குத் தெரிவது போனின் முதுகு மட்டும்

கேள்வி: இளைஞர்கள் போனில் செலவிடும் நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் குறை சொல்வது நியாயமா, இல்லை வழக்கமான தலைமுறைப் புலம்பலா?

இந்தப் பஞ்சாயத்து என் வீட்டில் தினமும் நடக்கிறது. அப்பாவுக்கு வயது 74, மகனுக்கு 17. நடுவில் நான். "எப்பப் பார்த்தாலும் போன்" என்று அப்பா என்னிடம் வருவார். "தாத்தா எப்பப் பார்த்தாலும் என்னையே பார்க்கிறார்" என்று மகன் வருவான். இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே சோபாவில்.

முன்பெல்லாம் அப்பா பேப்பர் படித்தால், பேப்பர் படிக்கிறார் என்று வீட்டுக்கே தெரியும். ரேடியோ கேட்டால் நாமும் கேட்டாக வேண்டும். கடிதம் எழுத பேனா, கணக்குப் பார்க்க நோட்டு, எழுப்பிவிட அலாரம் கடிகாரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சாமான் இருந்ததால், தூரத்தில் நின்று பார்த்தாலே ஆள் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடலாம். இப்போது அத்தனையும் ஒரே போனுக்குள் போய்விட்டன. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது போனின் முதுகும் குனிந்த தலையும்தான். பாடம் படித்தாலும் அதே குனிவு, வெட்டியாக இருந்தாலும் அதே குனிவு. அப்பாவின் எரிச்சலில் பாதி இதனால் வருவது என்பது என் கணிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகனிடம் சொல்லிவிட்டே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என்ன செய்கிறான் என்று குறித்துக்கொண்டேன். வேதியியலில் புரியாத ஒரு கணக்குக்கு வீடியோ. பாதியில் நிறுத்தி நண்பனிடம் சந்தேகம். நண்பன் பதிலோடு ஒரு மீமும் அனுப்ப, அங்கிருந்து ரீல்ஸ். அதில் 22 நிமிடம் போனது. எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்டதற்கு, "அஞ்சு நிமிஷம் இருக்கும்ப்பா" என்றான். பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. தாங்கள் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று மனிதர்கள் சொல்வதும், கருவியில் பதிவாவதும் சரியாகப் பொருந்துவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்த 22 நிமிடத்துக்கு அவனை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. முடிவே இல்லாமல் ஓடும் ஸ்க்ரோலை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, அது வந்ததும் மடித்து வைத்துவிடலாம். ரீல்ஸில் அந்த மாதிரி கீழே வைக்கும் இடமே வராது.

அப்படியானால் எத்தனை மணி நேரம் சரி? சின்னக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பதின்வயதுக்காரர்களுக்கு அப்படி ஒரு எண்ணைத் தரவில்லை, குறைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு சரி. அதே 2019-ல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட இளம்பருவத்தினரின் தரவுகளை அலசினார்கள். அவர்களது மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. அமெரிக்க சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் போன்றவர்கள், பாதிப்பு அதைவிடப் பெரிது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்தால், என்று இன்னும் வாதாடுகிறார்கள். இந்தச் சண்டை முடியவில்லை. ஆகவே, "இந்தத் தலைமுறையே கெட்டுப்போச்சு" என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

தூக்க விஷயத்தில் மட்டும் நான் அப்பா கட்சி. ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தால் அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை, மறுநாள் காலை அவன் முகமே போதும். இப்போது பத்தரைக்கு மேல் போன்கள் ஹாலில்தான் சார்ஜ் ஆகும். என்னுடையதும்தான். முதல் வாரம் அவனைவிட எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அப்பாவின் பார்வையை நான் ஒதுக்கிவிடாததற்கு இன்னொரு காரணம், ஸ்க்ரீன் டைம் கணக்கில் ஏறாத சிலது அவர் கண்ணில் படுகிறது. போன மாதம் ஒருநாள், ரொம்ப நேரம் பேரனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை ஒண்ணு அனுப்புறான். மூஞ்சியைப் பாரு, உதடுகூட அசையல. சிரிக்காமலே சிரிச்சேன்னு அனுப்புறான்டா."

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் எமோஜி, வரிசையாக நான்கு. பையன் முகம் ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் இருந்தது. எனக்கே கொஞ்சம் சுருக்கென்றது, ஏனென்றால் நானும் ஆபீஸ் குரூப்பில் இதையேதான் செய்கிறேன்.

மகன் போனில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "தாத்தா, காலையில வர்ற குட்மார்னிங் மெசேஜுக்கெல்லாம் கைகூப்பி அனுப்புறீங்களே, அப்ப நிஜமாவே கையைக் கூப்பிக்கிட்டா அனுப்புறீங்க?"

அப்பா சத்தம் போட்டே சிரித்துவிட்டார்.