நடு பில்லரில் வேலை பார்த்த பழைய காரை மலைப்பாதைக்கு வாங்கலாமா?

குன்னூரில் வீடு, தினமும் மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டிய வேலை, ஏழு வருடம் ஓடிய கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். “நடு பில்லரில் லேசாக டிங்கரிங் பார்த்தது, மற்றபடி ஒரு குறையும் இல்லை” என்று விற்பவர் சொன்னாராம். வாங்கலாமா என்பது கேள்வி. நடு பில்லர் என்றால் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்கும் தூண்.

வாங்காதீர்கள். பம்பர், பானெட், ஃபெண்டர், கதவு என்று எதில் வேலை பார்த்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்பேன். பில்லர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோத்தகிரி பக்கம் இருபத்தைந்து வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் மேஸ்திரி அம்பாசிடரில் தொழில் கற்றவர். அந்தக் காலத்து வண்டி முழுக்க சாதாத் தகடு. கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தட்டி நிமிர்த்தினால் பழைய இடத்துக்கு வந்து நிற்கும், பலமும் பெரிதாகக் குறையாது. அதே கையோடுதான் நாங்கள் புது வண்டிகளுக்கும் வந்தோம். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

2013-இல் ஒரு சின்ன கார் வந்தது. மழையில் சறுக்கி, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு புரள் புரண்டு, சில்வர் ஓக் மரத்தில் பக்கவாட்டில் சாய்ந்து நின்ற வண்டி. உள்ளே இருந்த இருவருக்கும் சிராய்ப்போடு சரி. நடு பில்லர் நான்கு விரல் அளவு உள்ளே வந்திருந்தது. டிரில் போட்டேன். பிட் நீலம் பாய்ந்து மொக்கையானதே தவிர துளை விழவில்லை. சுத்தியலுக்கும் அசையவில்லை. கேஸ் வைத்தேன். சிவந்ததும் வெண்ணெய் போல இழுத்த இழுப்புக்கு வந்தது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்ததும் கதவு ஒரே தள்ளில் மூடியது. வண்டிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கும் அன்று ரொம்பப் பெருமை.

மூன்று வருடம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போனேன். ஒரே பில்லரிலிருந்து வெட்டிய இரண்டு பட்டைகள். ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டார்கள், மற்றதைத் தொடவில்லை. இரண்டையும் வைஸில் பிடித்து ஒரு குழாயால் வளைத்தார்கள். காய்ச்சியது வளைந்து அப்படியே நின்றது. காய்ச்சாதது வில் மாதிரித் திரும்பி வந்தது. எனக்கு அந்த வண்டிதான் கண்ணில் வந்தது. ஊருக்கு வந்ததும் அவரைத் தேடிப் பிடித்தேன். வண்டியை விற்றிருந்தார், வாங்கியவரும் கைமாற்றிவிட்டார். இப்போதும் அந்த மாடல், அந்த நிறம் மேலே ஏறி வந்தால் நம்பரைப் பார்க்கிறேன்.

காரணம் இதுதான். பில்லரில் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய வெளித்தகடு, அது அழகுக்கு. அதற்கு உள்ளே இன்னொரு தகடு மறைந்திருக்கும், பலம் அதில்தான். பல கார்களில் அது போரான் கலந்த எஃகு. 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சூடாக இருக்கும்போதே அச்சில் அழுத்தி, தண்ணீர் ஓடும் அந்த அச்சுக்குள்ளேயே சில நொடிகளில் குளிரவைப்பார்கள். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பாரே, அதே வேலைதான். சாதாத் தகடு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ இழுவை தாங்கும் என்றால், இப்படிச் செய்தது 150 கிலோ தாங்கும். தோய்த்த அரிவாளை மறுபடி அடுப்பில் போட்டு ஆறவிட்டால் பதம் போய்விடும். பில்லருக்கும் அதேதான். காய்ச்சாமல் ஜாக்கி வைத்துத் தள்ளினால் சரியாகுமா என்றால் அதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அடிபட்ட பாகத்தை வெட்டி எடுத்து, கம்பெனிக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் இணைத்துப் புதுப் பாகம் போடுவதுதான் ஒரே வழி. எல்லா மாடலிலும் போரான் இருக்காது. எது எந்த ரகம் என்று அந்தக் கையேட்டில் வண்ணம் பிரித்துக் காட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துச் செய்தவரிடம் பில் இருக்கும். “லேசாக” என்று சொல்ல மாட்டார்.

நம் மலைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே வண்டி மூக்கால் மட்டும் மோதுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் சறுக்கிப் பக்கவாட்டில் போகும், சரிவில் உருளும். உருளும்போது கூரையைத் தாங்குவது இந்தத் தூண்கள்தான். பாரத் என்கேப் என்ற நம் நாட்டுக் கார் பாதுகாப்புச் சோதனையில் காரை மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாக ஒரு கம்பத்தில் மோதவிடும் பகுதி ஒன்று உண்டு. கம்பத்தின் குறுக்களவு 254 மில்லிமீட்டர், பத்து அங்குலம். எஸ்டேட்டில் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக்கைக் கட்டிப்பிடித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே பருமன். உங்கள் பெல்ட்டின் மேல் கொக்கி மாட்டியிருப்பதும், பின்கதவுக் கீல் தொங்குவதும் அதே நடு பில்லரில்தான்.

விற்பவர் நேர்மையானவர் என்று உங்களுக்குத் தோன்றலாம், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால் பகல் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் வந்துவிடும். அடியில் கம்பெனி ஸ்பாட் வெல்டுகள் சட்டைப் பொத்தான் மாதிரி சின்னக் குழிகளாக, சீரான இடைவெளியில் இருக்கும். அங்கே அரைத்த தடமோ, மேடாக நிற்கும் வெல்டோ, பட்டியோ தெரிந்தால் கதை முடிந்தது. பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபிளில் வருடம் பாருங்கள். வண்டியின் வருடத்தோடு பொருந்தாவிட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பில்லர் வந்து நிற்கும் ரன்னிங் போர்டு, அதாவது கதவுகளுக்குக் கீழே நெடுக்க ஓடும் பெட்டி மாதிரியான சட்டம். நம் மலையில் இரண்டு பருவமழை, நடுவில் பனிமூட்டம், ஈரம் காய்வதே இல்லை. ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அதில் சேறு அடைத்தால் உள்ளிருந்தே துரு தின்னும். ஸ்குரூடிரைவர் பிடியால் நெடுக்கத் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி, ஓரிடத்தில் ‘டொப்’ என்றால் கீழே படுத்துப் பாருங்கள். கால் உளுத்தால் தூண் எவ்வளவு பலமாக இருந்தும் நிற்காது.

சரி, உள்ளே இரும்புக் குழாய் வைத்துப் பலப்படுத்தலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். ரேஸ் வண்டியில் வைக்கிறார்கள், அவர்கள் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறார்கள். வெறும் தலைக்குப் பக்கத்தில் குழாய் வைத்தால் அதிலேயே மண்டை மோதும், கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அது விரியவும் வழி இருக்காது. செய்ய வேண்டாம்.

பீடிங்கைக் கழற்றும்போது எதிர்ப்பக்கம் அடிபடாத பில்லரின் பீடிங்கையும் கழற்றி, இரண்டையும் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கழற்ற வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.