பிஸ்டன் முறையில் இயங்கும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்வது) வாங்கலாமா? அதில் நல்லது என்ன, தொல்லை என்ன?

என்னிடம் இருப்பது ஏஆர்-15 என்ற அமெரிக்க ரைஃபிளின் வடிவத்தில் செய்த பிஸ்டன் ரைஃபிள். சுடுதளத்தில் காகித இலக்குகளைச் சுடுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். போருக்கோ வேட்டைக்கோ போகிறவர் வேறு பதில் சொல்லக்கூடும்.

முதல் லாபம், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் உலோகப் பாகம்) சுத்தமாக இருப்பது. தோட்டா வெடித்ததும் குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு பங்கு, குழலில் உள்ள சிறு துளை வழியே வெளியேறும். யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த வழக்கமான ஏஆர்-15இல் அந்த வாயு மெல்லிய குழாய் ஒன்றில் ஓடி வந்து, போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் போல்ட் கேரியருக்குள்ளேயே புகுந்து அதைப் பின்னே தள்ளும். சூடும் கரியும் கூடவே வந்து சேரும். பிஸ்டன் முறையில் வாயுவின் வேலை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி கேரியரைத் தள்ளும். நிறையச் சுட்ட பிறகும் போல்டைத் தயங்காமல் கையில் எடுக்கலாம்; எண்ணெயும் எளிதில் காய்வதில்லை. ஆனால் கரி மாயமாகிவிடாது, பிஸ்டன் பக்கம் போய்ப் படியும். அங்கே சுரண்டுவதும் உங்கள் வேலைதான்.

நம்பகத்தன்மை என்றதும் பலரும் அமெரிக்க ராணுவம் 2007இல் நடத்திய தூசிச் சோதனையை எடுத்துக்காட்டுவார்கள். ஒவ்வொரு வகைக்கும் 60,000 தோட்டாக்கள். பிஸ்டன் இல்லாத ஏஆர் வகை ராணுவ ரைஃபிளான எம்4 தடைபட்டது 882 முறை; பிஸ்டன் உள்ள எச்கே416 தடைபட்டது 233 முறை. கேட்டவுடன் தீர்ப்பு சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு கோடையில் நடந்த முந்தைய சோதனையில் அதே எம்4 வகைக்கு 307 தடைகள்தான். ஒரே வகை ரைஃபிள் இரண்டு சோதனைகளில் இவ்வளவு மாறும்போது, வித்தியாசம் முழுவதையும் பிஸ்டன் கணக்கில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒழுங்காக எண்ணெய் போட்ட சாதாரண ஏஆர் சுடுதளத்தில் உங்களைக் கைவிடாது.

பிஸ்டன் உண்மையிலேயே கைகொடுப்பது சைலன்சர் மாட்டும்போதும், குழல் மிகக் குட்டையாக இருக்கும்போதும்தான். வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு பல பிஸ்டன் ரைஃபிள்களில் உண்டு. சைலன்சரோடு சுடும்போது முகத்தில் அடிக்கும் புகை அதனால் குறையும். முற்றிலும் நிற்காது, ஏனென்றால் குழல் வழியாகவும் வாயு திரும்பி வரும்.

இனித் தொல்லைகள். எடை கூடும், அதுவும் முன்பக்கத்தில். நின்றுகொண்டு சுடும்போது இடது தோள் அதைச் சொல்லும். விலையும் அதிகம். எனக்கு இவற்றைவிடப் பெரிய உறுத்தல் உதிரிபாகங்கள். சாதாரண ஏஆர் பாகங்களைப் பெரும்பாலும் எந்த நிறுவனத்திடமும் வாங்கி மாட்டலாம். பிஸ்டன், கம்பி, அதற்கேற்ற கேரியர் ஆகியவற்றுக்குப் பொது அளவே கிடையாது. தயாரிப்பாளர் அந்த மாடலை நிறுத்திவிட்டால் நீங்கள் அநாதை. ஆகவே ரைஃபிளோடு சேர்த்தே ஒரு மாற்றுப் பிஸ்டனும் கம்பியும் சுருள்வில்லும் வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று கேரியர் சாய்வு. ஏகே-47, எம்1 காரண்ட் போன்றவை தொடக்கத்திலிருந்தே பிஸ்டனுக்காக வரையப்பட்டவை. ஏஆர் அப்படியல்ல; அதில் தள்ளுவிசை நடு அச்சில் விழ வேண்டும். பிஸ்டனோ அச்சுக்கு மேலே அடிக்கிறது. அதனால் கேரியரின் வால் கீழே சாய்ந்து, அது பின்னே போய் நுழையும் பஃபர் குழாயை உரசும். புதிய தயாரிப்புகள் கேரியரின் வடிவத்தை மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டன. சாதாரண ஏஆரை மாற்றுப் பாகங்களால் பிஸ்டனுக்கு மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் சாய்வு அங்கேதான் அதிகம் படுத்தும்.

முதல் ரைஃபிளாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவதாக, சைலன்சர் உங்கள் ஊர்ச் சட்டப்படி கிடைக்குமென்றால், தாராளமாக வாங்கலாம். செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளையே பொதுமக்கள் வைத்திருக்க அனுமதிக்காத நாடுகள் பல. அதை முதலில் விசாரியுங்கள். பழையதை வாங்குவதானால், கேரியரைக் கழற்றிவிட்டு பஃபர் குழாயின் கீழ் உதட்டில் விளக்கடித்துப் பாருங்கள். அலுமினியம் ஆழமாகத் தேய்ந்து பளபளத்தால் பேரம் பேசவே வேண்டாம்.